கும்பிடக் கும்பிடக் குறையும் புள்ளி

ஜெயனியின் பள்ளிக்கூட வானில் சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டப்பட்ட செய்தி, வான் அவளுடைய ஊரான கொழும்புத்துறைக்கு வந்து சேர முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

வாசலிலேயே மறித்தாள் தாய் மரியநாயகி.

"ஆரடி பிள்ளை? ஆரை இடிச்சனி?"

"ஒருத்தரையும் இடிக்கேல்லை அம்மா. ஒரு கோழியைக்கூட இடிக்கேல்லை."

"பின்னை ஏன் சிவப்பு?"

"கொம்பியூட்டர் சொன்னதாம், நான் இனிமேல் இடிப்பனாம்."

மரியநாயகி சற்று யோசித்தாள். "சாத்திரம் பாக்கிறது பாவமெண்டு பாதர் பிரசங்கத்திலை சொன்னவர். உவங்கள் கந்தோரிலை வைச்சே பாக்கிறாங்களோ?"

அவள் சொன்னதில் பெரிய பிழை இல்லை. வாகனத்தின் வயதையும் விலையையும் பார்த்துக் காப்புறுதிக் கட்டுப்பணம் கேட்டதெல்லாம் பழைய காலம். நீள்கரைக் காப்புறுதி நிறுவனம் இந்த வருடம் குடாநாட்டில் புதுத் திட்டம் ஒன்றை இறக்கியிருந்தது. ஒருவர் எப்படி வாகனம் ஓடுகிறார் என்று பார்த்து, அவர் இனி விபத்துக்குள்ளாவாரா என்று கணிப்பது. யாழ்ப்பாணத்தில் வான் ஒருவருடையதாக இருக்கும். ஓடுவது அவருடைய மச்சான், மச்சானின் கூட்டாளி, கனடாவிலிருந்து லீவில் வந்த சித்தப்பா. ஆகவே கணிப்பு வானுக்கு அல்ல, சாரதிக்கு. சாரதி தன் போனை நீலநிற நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். நாடா இலவசம். இலவசம் என்பதால் சிலர் அதைக் கலியாண வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போனார்கள்.

போனுக்குள் 'நற்சாரதி' என்ற செயலி இருக்கும். அது பிரேக்கை, வேகத்தை, வளைவை, ஓட்டத்தின் நடுவே போனைத் தொடுவதை எல்லாம் கவனித்து நூற்றுக்குப் புள்ளி போடும். புள்ளி கூடினால் முன்கண்ணாடியில் பச்சை ஸ்ரிக்கர், நடுத்தரம் என்றால் மஞ்சள், குறைந்தால் சிவப்பு. சிவப்புக்குக் கட்டுப்பணம் இரட்டிப்பு.

அதைக்கூட ஜெயனி எப்படியாவது சமாளித்திருப்பாள். ஆனால் அவள் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெண்கள் பாடசாலையின் உப அதிபர் சீலா ரீச்சர், வான் சாரதிகள் எல்லாரையும் வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடேக்கை ஒவ்வொரு வானாப் பாப்பன். சிவப்பு ஒட்டின வான் ஒண்டும் திங்கட்கிழமை தொடக்கம் என்ரை வளவுக்குள்ளை வரக்கூடாது."

வளவுக்குள் வராத வானில் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்? அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் ஜெயனிக்கு வான் எதற்கு?

"அக்கா, உங்களுக்கு மட்டுமில்லை," என்றான் ஓட்டோவை வேலியோரம் சாய்த்துவிட்டு வந்த ஒன்றுவிட்ட தம்பி ஜஸ்ரின். அவனுடைய ஓட்டோவிலும் சிவப்பு. "பாசையூர், குருநகர், எங்கடை ஊர் எண்டு கத்தோலிக்கக் கரை எல்லாம் ஒரே சிவப்பு. சீலா ரீச்சருக்கு எவ்வளவு தெரியுமோ? தொண்ணூற்றொன்பது! அவவின்ரை மெதடிஸ்த கோயில் ஆக்கள் எல்லாருக்கும் பச்சை. நான் யோசிச்சுப் பாத்தன். பேசாமல் மெதடிஸ்த ஆகப்போறன்."

"அங்கை நல்லாப் பாட்டுப் பாடோணுமடா," என்றாள் ஜெயனி.

"பாடுவன்."

"அப்ப உன்னை எடுக்கமாட்டினம்," என்றாள் மரியநாயகி.

மறுநாள் வெள்ளி. பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிய கையோடு, வானை நேரே காப்புறுதிக் கிளைக்கு விட்டாள் ஜெயனி. அங்கே கிளை அதிகாரி றோகான் இருந்தான். புத்தம்புதுப் பட்டதாரி, பச்சை ஸ்ரிக்கர் ஒட்டிய மோட்டார் சைக்கிள், மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. அவன் முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, நான் என்ன பிழை விட்டனான் எண்டு சொல்லும், திருத்திறன்."

"அக்கா, மொடல் அப்பிடிச் சொல்லுது."

"மொடல் ஆர்? கூப்பிடும், நான் கதைக்கிறன்."

"மொடல் ஆளில்லை அக்கா. கணக்கு. சிங்கப்பூரிலை செய்தது."

"சிங்கப்பூரிலை இருந்துகொண்டோ பாசையூர் வளைவைப் பற்றிக் கதைக்குது?"

கண்ணாடிக்காரி சிரித்துவிட்டாள். பிறகு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். பெயர் நிவேதனா. சொந்த ஊர் சுன்னாகம், வேலை கொழும்பில். காப்புறுதி நிறுவனங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் அரச ஆணைக்குழுவின் அதிகாரி. கரையோரத்திலிருந்து வந்த முறைப்பாடுகளை விசாரிக்கவே வந்திருந்தாள்.

"றோகான், இவ கேட்டதைத்தான் நானும் காலமை தொடக்கம் கேக்கிறன். ஒருத்தரிட்டைக் கூடக் காசு கேட்டால் காரணம் சொல்லோணும். காரணம் என்ன?"

"மொடலை விக்கிற கொம்பனி தொழில் இரகசியம் எண்டு சொல்லுது மிஸ்."

"அப்ப உமக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது."

"உங்கடை தலைமைக் கந்தோருக்கு?"

றோகான் குரலைத் தாழ்த்தினான். "அவைக்கும் தெரியாது மிஸ். ஆனால் சரியாத்தான் இருக்குமாம்."

"வடிவாயிருக்கு. ஒருத்தருக்கும் தெரியாத காரணத்துக்கு இந்தப் பிள்ளை காசு கட்டோணும்." நிவேதனா எழுந்தாள். "வாருங்கோ, ஒருக்கா ஓடிப் பாப்பம். ஒரே வான், ஒரே றோட்டு. கொழும்புத்துறைக்குப் போகேக்கை நீர் ஓடும். வரேக்கை இவ ஓடட்டும்."

றோகான் வான் ஓடிப் பழகாதவன். முதலாவது கியரைத் தேடி மூன்றாவதைப் போட்டான். வான் தும்மியது, பிறகு துள்ளியது. குருநகர்ச் சந்தியில் மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் வேலிக்குள் பாய்ந்து உயிர் தப்பி, றோகானின் பரம்பரையை விசாரித்தார். பாசையூரில் ஒரு காகம் மட்டுமட்டாகப் பறந்தது. ஜெயனி பின் சீற்றில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்; தன் வானின் கியர்ப்பெட்டி அழுவதைக் கேட்க அவளால் முடியவில்லை.

கொழும்புத்துறையில் இறங்கியதும் அவனுடைய கழுத்துப் போன் இனிய பெண்குரலில் சொன்னது: "அன்பான சாரதியே, வாழ்த்துகள். உங்கள் புள்ளி தொண்ணூற்று நான்கு."

"உதுக்கோ?" என்றாள் ஜெயனி.

"உதுக்கோ?" என்றாள் நிவேதனாவும்.

றோகானே நம்பவில்லை. போனைத் தட்டிப் பார்த்தான்.

மரியநாயகி மூவருக்கும் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகளை மட்டும் கிணற்றடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காதுக்குள் சொன்னாள்: "மெல்லமா ஓடு. வழியிலை உள்ள ஒரு சுருவத்தையும் விடாதை. மாதா, அந்தோனியார், செபஸ்தியார், எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு போ. அவையள் பாத்துக்கொள்ளுவினம்."

ஜெயனி வானை எடுத்தாள். அப்படி ஒரு ஓட்டம் அந்தக் கடற்கரை வீதி கண்டிருக்காது. பள்ளத்தில் இறங்கியது தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. நிவேதனா மடியில் வைத்திருந்த தேசிக்காய்த் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

முதல் முடக்கில் மாதா சுருவம். ஜெயனியின் வலக்கை ஸ்ரெயறிங்கை விட்டு எழுந்து, நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்று ஓடி, திரும்பவும் ஸ்ரெயறிங்கில் வந்து இருந்தது. கொட்டாவி விடும்போது வாயைப் பொத்துவதுபோல, தன்பாட்டில் நடக்கும் காரியம்.

"அன்பான சாரதியே, உங்கள் கவனம் சிதறுகிறது," என்றது போன்.

"எங்கை சிதறினது?" என்றாள் ஜெயனி.

பின் சீற்றில் மடிக்கணினியோடு இருந்த றோகான், "தொண்ணூறு," என்று வாசித்தான்.

அந்தோனியார் வந்தார். ஜெயனி கொஞ்சம் பலமாகவே கும்பிட்டாள்.

"அன்பான சாரதியே..."

"எண்பத்திரண்டு. அக்கா, போனைத் தொட்டனீங்களோ?"

"போனை ஏன் தொடுறன்? கை ஸ்ரெயறிங்கிலை இருக்குது, உமக்குக் கண் தெரியேல்லையோ?"

"மொடல் சொல்லுது, தொட்டனீங்களாம்."

"மொடலின்ரை கண்ணிலை மண்!"

புள்ளி விழ விழ ஜெயனிக்குப் பயம் கூடியது. பயம் கூடக் கூட அவள் அதிகமாகக் கும்பிட்டாள். செபஸ்தியாருக்கு இரண்டு தரம். சந்தியில் சின்னக் கெபி ஒன்று, கற்குகைபோலக் கட்டி உள்ளே மாதாவை வைத்தது, அதற்கு இரண்டு. ஒரு வீட்டு மதிலில் பதித்த ஓட்டில் திருக்குடும்பப் படம், அதையும் விடவில்லை. "அன்பான சாரதியே, அன்பான சாரதியே," என்று போன் கெஞ்சத் தொடங்கியது. றோகான் ஏலக்காரன்போலக் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டு வந்தான்.

குருநகரில் பெரிய கெபி தெரிந்தபோது ஜெயனி உடைந்துபோனாள். "மாதாவே, என்ரை பிள்ளையள், என்ரை வான்!" என்று சத்தமாகச் சொல்லி, மூன்று தரம் அடுத்தடுத்துச் சிலுவை போட்டாள். போனும் மூன்று தரம் அடுத்தடுத்து "அன்பான சாரதியே" என்றது.

"ஐம்பத்தொண்டு!" என்று அலறினான் றோகான்.

அப்போதுதான் நிவேதனா கண்டாள். ஒவ்வொரு தரமும் கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும்போது, விரல் நுனிகள் நாடாவில் தொங்கிய போனில் 'டக்' என்று படுகின்றன.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணாடி மூக்கில் இருந்து வழுக்கி மடியில் விழுந்தது. அவ்வளவு நேரமும் சிந்தாத தேசிக்காய்த் தண்ணீர் இப்போது சிந்தியது. "வானை... வானை நிப்பாட்டுங்கோ!"

"என்ன மிஸ், என்ன?"

"ஜெயனி, இப்ப கையாலை என்ன செய்தனீங்கள்?"

"கையாலை ஒண்டும் செய்யேல்லையே."

"வடிவா யோசியுங்கோ."

"கும்பிட்டனான்."

"எத்தினை தரம்?"

"வழி முழுக்க. அம்மா சொன்னவ."

றோகான் துள்ளிக் குதித்ததில் தலை கூரையில் இடித்தது. "நான் ஓடிப் பாக்கிறன், நான் ஓடிப் பாக்கிறன்!"

கெபிக்கு எதிரே, வலை உலர்த்தும் வெளியில் றோகான் வானை உருட்டினான். மெதடிஸ்த கோயிலில் சிலுவை போடும் வழக்கம் இல்லாததால் ஜெயனி பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தாள்.

"முதல் நெத்தி. நெத்தி தம்பி, மூக்கில்லை. பிறகு நெஞ்சு."

டக்.

"அன்பான சாரதியே, உங்கள் கவனம் சிதறுகிறது."

"வேலை செய்யுது!" றோகான் சந்தோசத்தில் நிற்கமாட்டாமல் வட்டம் வட்டமாக வானை உருட்டி, நெற்றி, நெஞ்சு, டக், நெற்றி, நெஞ்சு, டக் என்று போட்டுக்கொண்டே இருந்தான். அவனுடைய தொண்ணூற்று நான்கு, ஏணியில் இருந்து வழுக்கியவன்போல இறங்கியது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து பார்த்தார்கள்.

அந்த வழியாக ஓட்டோவில் வந்த ஜஸ்ரின் பிரேக் அடித்தான். "ஐயா றோகான்! நான் உங்கடை பக்கம் வர வெளிக்கிட, நீர் எங்கடை பக்கம் வாறீரே? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிப்போட்டெல்லோ மாறோணும்!"

ஜெயனிக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "மிஸ், மருதனார்மடத்துப் பக்கம் வான் ஓடுற பிரதீபாவைத் தெரியும். ஆஞ்சநேயர் கோயிலடிக்கு வந்தால் ஸ்ரெயறிங்கை விட்டிட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கிக் கும்பிடுவா. அவவுக்குப் பச்சை."

"கை மேலை போனால் போனிலை படாதுதானே," என்றான் றோகான். "அது மொடலுக்குத் தெரியாது. போனைத் தொடாமல் ஓடினபடியால்தான் எனக்கும் தொண்ணூற்று நாலு."

"ஒரு கையை எடுக்கிற எனக்குச் சிவப்பு. ரெண்டு கையையும் எடுக்கிற அவவுக்குப் பச்சையோ?"

"அது ஒரு செக்கன்தானே ஜெயனி, நானும் கொழும்பிலை கார் ஓடேக்கை..." என்று தொடங்கிய நிவேதனா, தான் யார் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு காப்புறுதி நிறுவனத்தின் தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தாள். சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி போனை வானின் முன்பலகையில் வைத்தாள். மறுபக்கத்தில் பெரிய முகாமையாளர் ஒருவர் கதையைக் கேட்டு முடிக்கச் சற்று நேரம் எடுத்தார். முதலில் அவர் சிரித்தார், பிறகு இருமினார், பிறகு, "இது சுலபமாகத் திருத்தலாம்," என்றார். "விண்ணப்பத்தில் 'உங்கள் சமயம் என்ன' என்று ஒரு கேள்வி போடுவோம். கத்தோலிக்கர் என்றால் குறைந்த புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்."

"சமயம் கேட்டு விலை வைக்க ஏலாது. விதியிலை தெளிவா இருக்கு."

"நாங்கள் இதுவரைக்கும் கேட்கவே இல்லையே, மிஸ்!"

"கேக்காமலே வைச்சிட்டீங்கள். அதுதான் பிரச்சினை."

"கேட்காமல் எப்படித் திருத்துவது?"

"கேட்டுத் திருத்தினாலும் பிழை. கேக்காமல் விட்டாலும் பிழை. இதுக்கு எங்களிட்டையும் விதி இல்லை, நான் உள்ளதைச் சொல்லுறன். இனித்தான் எழுதோணும்." நிவேதனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ஆனால் ஒண்டு இப்பவே எழுதலாம். சாரதி கேட்டால் ஏன் எண்டு ஒரு வசனத்திலை சொல்ல ஏலாத புள்ளிக்கு ஸ்ரிக்கர் இல்லை, கூடின விலையும் இல்லை. சிவப்பு மட்டுமில்லை. பச்சையையும் கழட்டோணும்."

"பச்சையுமா? வாடிக்கையாளர்கள் கோபப்படுவார்களே!"

"அவைக்கும் காரணம் தெரியாதுதானே."

ஆணைக்குழுத் தலைவரிடம் பேசி அனுமதி எடுத்ததும் நிவேதனா றோகானைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். றோகான் தன் நகத்தாலேயே ஜெயனியின் முன்கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினான். வலைக்காரர் ஒருவர் கத்தி கொண்டுவந்து கொடுத்தார். ஜஸ்ரின், "எனக்கும், எனக்கும்!" என்று ஓட்டோவைப் பின்னுக்கு விட்டுக்கொண்டு வந்தான்.

ஆனால் ஜெயனி மணிக்கூட்டைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விடப்போகிறது. கண்ணாடியில் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை; சிவப்பு இருந்த இடத்தில் பிசின் வட்டம் ஒன்று. இதைச் சீலா ரீச்சர் எப்படிப் பார்ப்பார்?

மூவரும் பாடசாலை வாசலுக்குப் போய்ச் சேர, சீலா ரீச்சர் குடையோடு நின்றார். ரீச்சரின் சின்னக் காரும் பக்கத்தில் நின்றது, தொண்ணூற்றொன்பது புள்ளிப் பச்சையோடு. அந்தக் கார் வீதிக்கு வந்தால் சைக்கிள்கள் அதை முந்தும்; பின்னால் பஸ், லொறி எல்லாம் வரிசையாக ஊர, பார்ப்பவர்கள் கலியாண ஊர்வலம் என்று நினைப்பார்கள்.

"எங்கை ஸ்ரிக்கர்?" என்றார் ரீச்சர்.

நிவேதனா விளக்கினாள். றோகான் விளக்கினான். உணர்ச்சிவசப்பட்டு ஒருதரம் செய்தும் காட்டினான். போன் "அன்பான சாரதியே" என்றது.

"றோகான், உம்மடை அம்மாவுக்குத் தெரியுமோ உது?" என்றார் ரீச்சர். பிறகு நிவேதனாவிடம் திரும்பினார். "எனக்கு உந்த விண்ணாணம் விளங்கேல்லை. பச்சை நல்லது, சிவப்பு கூடாது. அவ்வளவுதானே?"

"ரீச்சர், ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பாடத்திலை முட்டை போட்டால் எங்கை பிழை எண்டு காட்டுவீங்களோ?"

ரீச்சர் நிமிர்ந்தார். "ஒவ்வொரு வரிக்கும் காட்டுவன். காட்டாமல் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை."

"இதிலை வரியே இல்லை ரீச்சர். முட்டை மட்டும்தான் இருக்கு."

ரீச்சர் குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். தன் காரின் பச்சை வட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப என்ரை தொண்ணூற்றொன்பதுக்கும் வரி இல்லையோ?"

"இல்லை ரீச்சர்."

"கழட்டும்," என்றார் றோகானிடம், பல் பிடுங்க வாயைத் திறந்தவர்போல முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு. கத்தி கண்ணாடியில் கீறும் சத்தம் கேட்டது. "சரி. ஆனால் பிள்ளையளை ஏத்துற வான் நல்லதோ கூடாதோ எண்டு நான் எப்பிடி அறியிறது? அதைச் சொல்லுங்கோ!"

ஜெயனி வானின் முன்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்கோ ரீச்சர்."

மணி அடித்தது. ஓடிவந்த பிள்ளைகள் வானுக்குள் உப அதிபரைக் கண்டு, தேவாலயத்துக்குள் நுழைந்தவர்கள்போல அடங்கி ஒடுங்கி ஏறினார்கள். றோகானையும் நிவேதனாவையும் வாசலில் விட்டுவிட்டு வான் புறப்பட்டது. கடற்கரை வீதிக்குத் திரும்பியதும் காற்று உள்ளே பாய்ந்து ரீச்சரின் கொண்டையை ஆட்டியது. ஜெயனி மூன்றாவது கியருக்கு மாறினாள்.

"இவ்வளவு வேகம் போகலாமோ பிள்ளை?"

"நாப்பதுதான் ரீச்சர்."

ரீச்சர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "நாப்பது இவ்வளவு நல்லா இருக்குமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார்.

பின்னால் ஒரு பிள்ளை சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றது. அதோடு எல்லாரும் சிரித்தார்கள். வழியில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. ஜெயனி வேகத்தைத் தணித்து, அதைக் குலுக்கமில்லாமல் வழியனுப்பிவைத்தாள். மாதா சுருவம் வந்தது. அவளுடைய கை எழுந்து, பாதியில் நின்றது.

"கும்பிடும் பிள்ளை," என்றார் ரீச்சர். "மற்றக் கை ஸ்ரெயறிங்கிலை இருந்தால் போதும்."

கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு ரீச்சரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, ஜெயனிக்குக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது. ரீச்சர் இறங்கி, கொண்டையைச் சரிசெய்து, குடையை எடுத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை காலமை வரேக்கை என்ரை வீட்டு வாசல்லையும் ஒருக்கா ஹோன் அடியும். கார் கொஞ்ச நாள் நிக்கட்டும்."

"ரீச்சர்... அப்ப வான் வளவுக்குள்ளை வரலாமோ?"

சீலா ரீச்சர் திரும்பி, கணக்கில் மிகச் சின்னப் பிழைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"பின்னை என்ன, நான் வெளியிலை இறங்கி வெயிலுக்குள்ளாலை நடந்தோ போறது?"